புது யாப்பு வந்தால் பொலிஸ் மாறுமா? கென்யாவும் எங்கள் கடற்கரையும்

உப்புவெளியான்

புதிய அரசியலமைப்பு கொண்டுவருவோம் என்று இந்தத் தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே சொன்னது. 159 ஆசனம் கையில் இருக்கிறது, மூன்றில் இரண்டுக்குப் பஞ்சமில்லை. வருகிறதோ இல்லையோ, வந்தால் என்ன கேட்பது என்று எங்கள் பக்கத்தில் பேச்சையே காணோம். கூட்டம் வைத்தால் சமஷ்டி, ஒற்றையாட்சி என்று தொடங்கி அதிலேயே தேநீர் ஆறிவிடும்.

நான் கேட்பது சின்னக் கேள்வி. நாளைக்குக் கம்பஸ் பிள்ளைகள் ஐம்பது பேர் பதாகையோடு எங்கள் திருகோணமலை உட்துறைமுக வீதியில் இறங்கினால் பொலிஸ் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? செய்யக்கூடாததைச் செய்தால் யார் விசாரிப்பது?

கென்யாவைப் பாருங்கள். 2007 தேர்தலுக்குப் பின் வந்த கலவரத்தில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். பொலிஸ் சூட்டில் போனவர்களும் அதில் நிறையப் பேர். அந்த அடி பட்ட பிறகுதான் 2010 ஓகஸ்ட் 4 இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, 27 ஆம் திகதி புதிய யாப்பைப் பிரகடனம் செய்தார்கள். அதில் 37 ஆம் உறுப்புரை: ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், ஆர்ப்பாட்டம் செய்யவும், மறியல் செய்யவும், அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை. 49 ஆம் உறுப்புரை: பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதிமன்றில் நிறுத்த வேண்டும். 245 ஆம் உறுப்புரை: இன்னாரை விசாரி, இன்னாரை விடு என்று பொலிஸ் மா அதிபருக்கு எந்த அமைச்சரும் கட்டளையிட முடியாது. 2011 இல் பொலிஸைக் கண்காணிக்க வெளியாட்களைக் கொண்ட ஒரு சுயாதீன அதிகாரசபையையும் சட்டம் போட்டு அமைத்தார்கள்.

எங்கள் 1978 யாப்பிலும் 14 ஆம் உறுப்புரையில் அமைதியாகக் கூடும் சுதந்திரம் இருக்கிறது. கொடுத்த கை போவதற்குள் 15 ஆம் உறுப்புரை கட்டுப்பாடுகளோடு வந்து பாதியை வாங்கிக்கொள்ளும். கென்யாக்காரன் கேட்டு வாங்கியதை நாங்கள் ஏன் கேட்கக்கூடாது?

துறைமுகத்தார்

தம்பி, கென்யா என்று தொடங்கினால் கென்யாவிலேயே முடிக்கவும் வேண்டும். 2011 ஓடு நிறுத்திவிட்டீர்.

2016 ஏப்ரலில் மாணவர் சங்கத் தேர்தல் தகராறு என்று நைரோபிப் பல்கலைக்கழக விடுதிக்குள் பொலிஸ் புகுந்து அடித்தது. உலகமே வீடியோவில் பார்த்தது. 2018 பெப்ரவரியில் மேரு பல்கலைக்கழக மாணவர் சங்கச் செயலாளரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. 2024 ஜூனில் வரிச் சட்டமூலத்துக்கு எதிராக இளம் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். 25 ஆம் திகதி நாடாளுமன்ற வாசலில் சூடு. 39 பேர் போய்விட்டார்கள் என்று ஜூலை முதலாம் திகதி அந்த நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவே சொன்னது. 37 ஆம் உறுப்புரை அன்றைக்கும் அச்சுப் பிசகாமல் அப்படியேதான் இருந்தது. குண்டு அதை வாசித்துவிட்டா வந்தது?

யாப்பு எழுதுகிறவர்கள் கொழும்பில் நல்ல ஹோட்டலில் இருந்து எழுதுவார்கள். லத்தி பிடிக்கிறவன் அதை வாசிக்கமாட்டான். எனக்கு இந்த விளையாட்டில் நம்பிக்கை இல்லை. 1972 யாப்பையும் பார்த்தேன், 1978 யாப்பையும் பார்த்தேன்.

என்சி வீதிக் கடைக்காரன்

பொலிஸைத் திட்டுவதற்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறீர்கள். கடை திறந்து வைத்திருக்கிறவனின் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியில் பத்து மணிக்குக் கூட்டம் கூடினால் எனக்கு அன்றைய வியாபாரம் போச்சு. கிண்ணியாவில் இருந்தும் தம்பலகாமத்தில் இருந்தும் சாமான் வாங்க வருகிற சனம் பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பிவிடும். சரி, அது நட்டம் மட்டும்தான், பொறுக்கலாம். நேபாளத்தில் என்ன நடந்தது? அவர்களுக்கும் 2015 இல் வந்த புத்தம் புதிய யாப்பு. 2025 செப்டெம்பர் 9 ஆம் திகதி நாடாளுமன்றம் எரிந்தது, அரச தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தது, உச்ச நீதிமன்றமும் எரிந்தது. நீதிமன்றத்தைக் கொளுத்திவிட்டுச் சட்டத்தின் ஆட்சி கேட்பது எந்த ஊர் நியாயம்? இங்கே 2022 மே 9 ஆம் திகதி நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரை நடு வீதியில் கொன்றார்கள். அதையும் சனம் கைதட்டிப் பார்த்தது.

சட்டம் பொலிஸைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் பொடியன்களையும் கட்டுப்படுத்த வேண்டும். இதைச் சொன்னால் நான் அரசாங்கத்தின் ஆள் ஆகிவிடுவேன். ஆனால் ஆகட்டும்.

கோணேசபுரி விடுதி

கடைக்கார அண்ணா, நான் கம்பஸில் படிக்கிறவள். நேபாளத்தைச் சொன்னீர்கள், ஒரு நாள் தள்ளிச் சொன்னீர்கள். எரிந்தது 9 ஆம் திகதி. 8 ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் அந்த ஒரு நாளில் மட்டும் 19 பேர் இறந்தார்கள். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்த பிள்ளைகள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எரித்தது சரி என்று நான் சொல்லவில்லை. முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளில் கதையைத் தொடங்காதீர்கள்.

எங்கள் ஆட்கள் எதை எரித்தார்கள்? 2024 மே மாதம் சம்பூர்ப் பக்கத்தில், போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக நால்வரைப் பிடித்தார்கள். மூன்று பேர் பெண்கள், அதில் ஒருவர் பல்கலைக்கழக மாணவி. அரிசி, தண்ணீர், உப்பு. இரவில் வீட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தச் சட்டம் தெரியுமா? ஐசிசிபிஆர். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்றுகிறோம் என்று 2007 இல் கொண்டுவந்த சட்டம்! விளக்கமறியலில் வைத்துவிட்டுப் பிறகு பிணையில் விட்டார்கள்.

பழைய கோப்பு

தங்கச்சி சொன்னதில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. கஞ்சி விஷயத்தில் பொலிஸ் சும்மா போகவில்லை, கையில் நீதிமன்றக் கட்டளை வைத்திருந்தது. எல்லோரும் லத்தியையே பார்க்கிறீர்கள். அதற்கு முன்னால் போகிற காகிதத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் கிழக்கில் நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மன்று என்று கேட்க வேண்டாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கம், 106 ஆம் பிரிவு. அவசரத் தொல்லை ஏற்படப்போகிறது என்று நீதவானுக்குத் தோன்றினால் தடைக் கட்டளை போடலாம். மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க நேரமில்லை என்றால் ஒருதலையாகவும் போடலாம். ஆயுள் 14 நாள்.

நடைமுறை எப்படி என்றால், வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்று முடிகிற நேரம் பார்த்து ஜீப் வரும். சார்ஜன் ஒருவர் கோப்போடு இறங்குவார். விண்ணப்பத்தில் ஏழெட்டுப் பெயர் இருக்கும், கடைசி வரியில் ‘மற்றும் இவர்களுடன் சேர்ந்த ஏனையோர்’. காரணம் என்று எழுதியிருப்பது போன வருடம் எழுதிய அதே பந்திகள்தான், திகதி மட்டும் மாறியிருக்கும். ஒருமுறை பட்டியலில் இருந்த ஒருவர் செத்து, அந்த வருடம்தான் அந்தியேட்டி முடிந்திருந்தது. அவருக்கும் தடை. நிகழ்வு ஞாயிற்றுக்கிழமை. சட்டத்தரணி பிடித்து நகர்த்தல் பத்திரம் போட்டு, கட்டளையை மாற்றுங்கள் என்று கேட்கத் திங்கள் ஆகிவிடும். ஞாயிறு எங்கே போவது?

நேர்மையாகச் சொல்ல வேண்டும், எல்லா நீதவானும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை. சமாதானக் குலைவு வரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, விண்ணப்பத்தைத் தூக்கி மேசையில் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அன்று சார்ஜனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது இதைவிடப் பெரிது. ஊர்வலம் போவதற்கு ஆறு மணித்தியாலம் முன்பு பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்பது பொலிஸ் கட்டளைச் சட்டம், 77 ஆம் பிரிவு. 1865 ஆம் ஆண்டுச் சட்டம், விக்டோரியா மகாராணி காலம். இது 1978 யாப்பின் அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்று ஒருவர் வழக்குப் போட்டால்? 16 ஆம் உறுப்புரை வாசலிலேயே நிற்கும்: யாப்பு வரும்போது இருந்த சட்டமெல்லாம், அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும். பிறகு வந்த சட்டத்தைக் கேட்கலாமா என்றால் 80(3): நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் இருந்து உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கென்யா யாப்பின் 2(4) ஐப் பாருங்கள். யாப்புக்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது. பழைய சட்டத்தையும் புதிய யாப்புக்கு ஏற்பத்தான் வாசிக்க வேண்டும். உப்புவெளியான் 37 ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் கேட்பதென்றால் 16 ஐத் தூக்கு என்றுதான் முதலில் கேட்பேன்.

துறைமுகத்தார்

கோப்பு ஐயா, நல்ல விளக்கம். ஆனால் 2(4) இருந்தும் கென்யாவில் வெள்ளைக்காரன் காலத்துப் பொது ஒழுங்குச் சட்டம் இன்னும் சாகவில்லை. மூன்று நாள் முன்பு பொலிஸுக்கு அறிவிக்கச் சொல்கிற சட்டம் அது. எங்கள் மகாராணிச் சட்டமாவது ஆறு மணித்தியாலத்தோடு விடுகிறது!

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2006 ஜனவரி 2 ஆம் திகதி பின்னேரம் காந்தி சிலைக்குக் கிட்ட, கடற்கரையில். ஐந்து பிள்ளைகள். ஊர்வலம் போகவில்லை, பதாகை பிடிக்கவில்லை, உயர்தரம் முடித்துவிட்டுக் கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோன குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் கதை வந்தது. தலையில் சூட்டுக் காயம் தெரிகிற படங்களைப் பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்தார், கதை பொய்த்துப் போனது. அதே மாதம் 24 ஆம் திகதி அவரையும் இந்த ஊரிலேயே சுட்டார்கள். 2013 இல் பொலிஸ் விசேட அதிரடிப்படையினரைக் கைது செய்தார்கள். 2019 ஜூலை 3 ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று 13 பேரையும் இங்கத்தைய நீதவான் நீதிமன்று விடுவித்தது.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற 12 ஆம் உறுப்புரை அன்றைக்கு இல்லையா? இருந்தது. சாட்சிதான் இல்லை. சாட்சி ஏன் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். யாப்பில் எதை எழுதினால் ஒரு தகப்பன் பயமில்லாமல் சாட்சிக் கூண்டில் ஏறுவான், சொல்லுங்கள் பார்ப்போம்.

உப்புவெளியான்

ஐயா, நீங்கள் சொன்ன இதே கதைதான் எனக்கும் ஆதாரம்.

சாட்சி ஏன் பயந்தது? சுட்டவன், விசாரிப்பவன், காவல் தருபவன் மூவருக்கும் ஒரே சீருடை. வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வருகிற வாசலில் நிற்பவனும் அந்தச் சீருடைதான். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இரவில் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் இதே மாதிரித்தான் நடந்தது. முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் சூட்டுக் காயம் என்று வெளியே வந்தது. முதல் அறிக்கையை எழுதுபவன் பொலிஸாக இருக்கும் வரை இங்கே குண்டு வெடிக்கும், அங்கே விபத்து நடக்கும்.

கென்யாவில் 2025 ஜூனில் அல்பர்ட் ஒஜ்வாங் என்ற இளம் ஆசிரியர் பொலிஸ் காவலில் இறந்தார். சமூக ஊடகத்தில் ஒரு பெரிய பொலிஸ் அதிகாரியைப் பற்றி எழுதியதற்காகப் பிடிபட்டவர். சுவரில் தலையை மோதிக்கொண்டார் என்று பொலிஸ் சொன்னது. பிரேத பரிசோதனை அதை மறுத்தது, கண்காணிப்பு அதிகாரசபை தலையிட்டு விசாரித்தது. அந்த நிலையப் பொறுப்பதிகாரி உட்படச் சிலர் மேல் அதே மாதமே கொலைக் குற்றச்சாட்டு. பொலிஸ் மா அதிபர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு ஏழு வருடம் கழித்துக் கைது, பதின்மூன்று வருடம் கழித்து விடுதலை. அங்கே பொலிஸ் திருந்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய் சொன்னால் ஒரு கிழமை கூடத் தாங்கவில்லையே. அந்த வித்தியாசம் சும்மா வந்ததா?

டொரொன்டோ கோணேசன்

இவ்வளவு பேசுகிறீர்கள், 13 ஆவது திருத்தத்தில் பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்கு என்று 1987 இலேயே எழுதியிருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பொலிஸ் எங்கள் கையில் இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. சுயாதீன ஆணைக்குழு, கண்காணிப்பு எல்லாம் கண்துடைப்பு.

மூதூர் நானா

கோணேசன் அண்ணன், ‘எங்கள் பொலிஸ்’ என்றால் யாருடைய பொலிஸ்? கிழக்கு மாகாணம் இது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் இருக்கிற இடம். டொரொன்டோவில் இருந்து பார்த்தால் சின்னதாகத் தெரியும், மூதூரில் இருந்து பார்த்தால் தெருவுக்குத் தெரு கணக்கு வேறு. மாகாண சபையோ 2017 இல் கலைந்தது, இன்னும் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் எல்லாம். இந்த நிலையில் பொலிஸைக் கொண்டுவந்து யாருடைய மடியில் வைப்பது?

மாகாணத்துக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் இருந்தாலும் அதற்கு மேலே ஒரு கண் வேண்டும் என்கிறேன். ஐசிசிபிஆர் உங்களுக்கு மட்டும் வந்ததா? 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பல் சுக்கான் சக்கரம் போட்ட சட்டை உடுத்தியிருந்தார். தர்மச் சக்கரம் என்று சொல்லிப் பிடித்தார்கள், இதே சட்டம். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவை 2020 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தவர்கள் 2022 பெப்ரவரியில்தான் பிணையில் விட்டார்கள். சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகேயும் அதே 2022 இல் அதே சட்டத்தில் உள்ளே போனார். கொழும்பு நீதவான் 2023 ஜனவரி 31 இல், சட்டத்தைத் தவறாகப் பாவித்திருக்கிறீர்கள் என்று சொல்லி அந்தக் குற்றச்சாட்டில் இருந்து விடுவித்தார். ஆக மூன்று சமூகத்துக்கும் அடி விழுந்திருக்கிறது, மூன்றும் தனித்தனியே அழுகிறது.

2006 ஓகஸ்டில் எங்கள் ஊரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேரைச் சுட்டுப் போட்டார்கள். 16 தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. அதற்கு மாகாணப் பொலிஸ் பதில் இல்லை, விசாரிப்பவன் யார் என்பதுதான் பதில். இந்த இடத்தில் நான் உப்புவெளியானோடு.

டொரொன்டோ கோணேசன்

நானா, அதிகாரம் இல்லாத இடத்தில் கண் வைத்து என்ன செய்ய? அந்தக் கண்ணையும் கொழும்புதான் நியமிக்கும்.

என்சி வீதிக் கடைக்காரன்

இது முதல்முறையாக ஒரு நல்ல கேள்வி. எனக்கும் அதே சந்தேகம். தேசிய பொலிஸ் ஆணைக்குழு என்று 2001 இல் 17 ஆவது திருத்தத்தில் கொண்டுவந்தார்கள். 18 இல் பல்லைப் பிடுங்கினார்கள், 19 இல் கட்டினார்கள், 20 இல் திரும்பப் பிடுங்கினார்கள், 21 இல் திரும்பக் கட்டினார்கள். பல் வைத்தியருக்கே அலுத்துப்போயிருக்கும். பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோனின் விஷயத்தைப் பாருங்கள். ஒரு சித்திரவதை வழக்கில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் ஆளைப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள். இறக்குவதற்கு 2025 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பே வைக்க வேண்டியிருந்தது, 177 பேர் வாக்களித்து இறக்கினார்கள்.

ஆறு மணித்தியால அறிவித்தலில் நான் பிழை காணவில்லை. சொல்லிவிட்டு வந்தால் நான் சாமானை உள்ளே எடுத்து வைப்பேன், பஸ் வேறு பாதையால் போகும். அதையும் அடக்குமுறை என்கிறீர்களே.

கோணேசபுரி விடுதி

அறிவிப்பது அடக்குமுறை என்று நான் சொல்லவில்லை, அண்ணா. அறிவித்தலை வாங்கிவிட்டு அதை அனுமதிப் பத்திரம் மாதிரி நடத்துவதுதான் பிரச்சினை. தென்னாபிரிக்காவில் 15 பேருக்கு மேல் கூடினால் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் கூட்டினவர் குற்றவாளி என்று 1993 சட்டம். 2018 நவம்பரில் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் குற்றப் பகுதியைச் செல்லாது என்றது. அறிவித்தல் இருக்கட்டும், அறிவிக்கவில்லை என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்காதே. எனக்கு அது போதும்.

அப்புறம் இன்னொன்று, யாரும் தொடாதது. என் அறைத் தோழி ஒருத்தியை ஒருமுறை விசாரணைக்கு வரச்சொன்னார்கள். எந்த நிலையம் என்று எழுதவில்லை. துணைக்கு நானும் போனேன். தமிழில் கேட்டார்கள், அவள் தமிழில் சொன்னாள், எதிரில் இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். இரண்டு பக்கம். கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ‘நீ சொன்னதுதான்’ என்று பதில். அவள் பேனாவை வைத்துவிட்டு, ‘எனக்கு வாசிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடமாட்டேன்’ என்றாள். ஒரு மணித்தியாலம் வாங்கில் இருக்க வைத்தார்கள். பிறகு தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து வாசித்துக் காட்டினார். ‘போனேன்’ என்று சொன்னது ‘ஏற்பாடு செய்தேன்’ என்று இருந்தது. வெட்டித் திருத்தி எழுதினார்கள். அவள் கேட்டதால் திருத்தினார்கள். கேட்காத பிள்ளைகள் எத்தனை?

யாப்பில் தமிழும் அரச கரும மொழி. அதை வாங்கில் இருந்து பார்க்கிறவளுக்கு என்ன அர்த்தம் என்று சட்டம் எழுதுகிறவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

துறைமுகத்தார்

பிள்ளை, அந்தத் தோழிக்கு என் வணக்கத்தைச் சொல்லும். ஆனால் பாரும், அவளைக் காப்பாற்றியது யாப்பு இல்லை, அவளுடைய பிடிவாதம். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தென்னாபிரிக்காவைச் சொன்னீர், உலகத்திலேயே நல்ல யாப்பு என்று எல்லோரும் புகழ்கிற 1996 யாப்பு. 2012 ஓகஸ்ட் 16 இல் மரிக்கானா சுரங்கத்தில் 34 தொழிலாளர்களை அந்த யாப்பின் கீழ்தான் பொலிஸ் சுட்டது.

பழைய கோப்பு

துறைமுகத்தார், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பிணத்தைக் காட்டி யாப்பு வேண்டாம் என்கிறீர்கள். பிணம் விழுந்த பிறகு என்ன நடந்தது என்றும் பாருங்கள். பொலிஸ் எங்கேயும் சுடும். சுட்ட பிறகு எத்தனை கதவு திறக்கிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

எங்களுக்கு இருக்கிற கதவு ஒன்று. அடிப்படை உரிமை மீறல் மனு, 126 ஆம் உறுப்புரை. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், உச்ச நீதிமன்றத்தில் மட்டும்தான் போடலாம். வெருகலில் அடி வாங்கிய பிள்ளை இரவு பஸ் பிடித்துக் கொழும்பு புதுக்கடைக்குப் போக வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டிருந்தால் அந்த விசாரணைக் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த விஷயம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அந்த அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் கொடு என்று கேட்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை.

அந்த ஒற்றைக் கதவும் சில நேரம் திறக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. 2022 ஜூலை 17 இல் ரணில் பதில் ஜனாதிபதியாக இருந்து போட்ட அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடம் பிந்தித்தான். காலிமுகத்திடல் போராட்டத்தில் அடி வாங்கியவனின் காயம் அதற்குள் ஆறியிருக்கும்.

உப்புவெளியான்

சரி, கேட்கிற பட்டியலை எழுதிவிடுகிறேன். அடித்தாலும் சுட்டாலும் முதல் அறிக்கையில் இருந்தே பொலிஸுக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்க வேண்டும். 16 உம் 80(3) உம் போக வேண்டும். 106 இல் ஒருதலைக் கட்டளை போட்டால் 24 மணித்தியாலத்துக்குள், விடுமுறை நாளானாலும், மறுதரப்பைக் கேட்க வேண்டும். உரிமை மனு திருகோணமலையிலேயே போட முடிய வேண்டும். வாக்குமூலம் சொன்ன மொழியிலேயே எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் அது சாட்சியம் ஆகாது.

துறைமுகத்தார்

ஒன்றை விட்டுவிட்டீர், தம்பி. வழக்குத் தொடுப்பவர் யார்? சட்டமா அதிபர். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்பவரும் அவர், உரிமை வழக்கில் அரசாங்கத்துக்காக நிற்பவரும் அவர், பொலிஸ்காரன் மேல் குற்றப்பத்திரம் போடலாமா என்று தீர்மானிப்பவரும் அவர். எவ்வளவு சுயாதீனமாக விசாரித்தாலும் கோப்பு அந்த மேசையில்தான் போய்ப் படுக்கும். கென்யாவில் 157 ஆம் உறுப்புரையில் வழக்குத் தொடுநர் பணிப்பாளரைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை எழுதினால் நான் வாய் மூடுகிறேன் என்று நினைக்காதீர், மூடமாட்டேன். அந்தப் பதவிக்கும் ஒருவரைக் கொழும்பில் இருந்துதானே போடப்போகிறார்கள்.

உப்புவெளியான்

யாப்பில் நம்பிக்கை இல்லை என்று சொன்னவர் உறுப்புரை இலக்கத்தோடு வருகிறார். சேர்த்துக்கொண்டேன், ஐயா.

என்சி வீதிக் கடைக்காரன்

என்னுடையதையும் சேர். அமைதியாகக் கூடும் உரிமை என்று எழுதும்போது ‘ஆயுதமின்றி’ என்ற கென்யாக்காரனின் சொல்லை விட்டுவிடாதே, கல்லும் ஆயுதம்தான். கூட்டத்தில் யாரோ எறிந்து என் கடைக் கண்ணாடி போனால் கூட்டியவர் கட்ட வேண்டும், பொலிஸ் அடித்த கண்ணீர்ப்புகைக் குண்டால் போனால் அரசாங்கம் கட்ட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கோணேசபுரி விடுதி

யாரோ எறிந்த கல்லுக்குக் கூட்டியவர் கட்ட வேண்டுமா? சிவில் உடையில் வந்து எறிந்துவிட்டுப் போனவருக்கும் நாங்களா கட்டுவது? இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எறிந்தவரைப் பிடியுங்கள், அதற்குத்தானே பொலிஸ்.

மூதூர் நானா

இரண்டு பேரும் இதை நேரில் அடிபடுங்கள். பட்டியல் பற்றிய கூட்டம் டவுனில் மட்டும் வைக்காமல் மூதூரிலும் ஒன்று வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வேண்டாம். சிங்களத்தில் மொழிபெயர்க்க சேருவிலப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன்.

டொரொன்டோ கோணேசன்

மாகாணப் பொலிஸ் பட்டியலில் இல்லையே?

மூதூர் நானா

கூட்டத்துக்கு வாருங்கள் அண்ணன், பேசுவோம்.